பத்து பத்துக்குப் போன கடிதம்

பிற்பகல் 2.20.

வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கூடத்தின் நடுவே மேசைமேல் கணினி ஒளிர்ந்துகொண்டிருந்தது; அதன் பக்கத்தில் மட்டும் ஒருவரும் இல்லை. வாசலில் நின்ற திருப்புளிக்கு, இழவு வீட்டுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நுழைந்துவிட்டது போலிருந்தது. முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

திருப்புளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வீடு வீடாகப் போய்க் கணினி பழுதுபார்க்கிறவர் அவர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், குத்தியிருக்கும். தெரு பார்த்து வைத்த பெயர் அது. வயது ஐம்பத்திரண்டு. தலையில் குறைந்ததெல்லாம் வயிற்றில் சேர்ந்துவிட்டது, மொத்த எடையில் மாற்றமில்லை என்பது அவருடைய வாதம்.

"வாங்க," என்றார் வீட்டுக்காரர். அந்த 'வாங்க'வில் ஈரமே இல்லை. "இந்த வீட்டுப் பாஸ்வேர்டு எல்லாம் தெரிஞ்ச வெளியாள் நீங்க ஒருத்தர்தான். அதான் முதல்ல உங்களைக் கூப்பிட்டோம்."

"போலீஸ்லயும் இப்படித்தான் மரியாதையா கூப்பிடுவாங்க. ஆனா அங்க டீ கிடைக்கும்னு கேள்வி."

யாரும் சிரிக்கவில்லை. திருப்புளி தன் நகைச்சுவையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கிறவர். வீட்டிலேயே உட்கார்ந்து வேலை. எந்தத் திருகை எத்தனை சுற்று திருக வேண்டும் என்று நாள் முழுக்க எழுதி எழுதி, பேசும்போதும் விரலை உயர்த்தி எச்சரிக்கை வாசகம் போலவே பேசுவார். அவர் மனைவியைத் தெரு சுருதியம்மா என்று கூப்பிடும். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு பியானோக்கள் அவர் காதை நம்பித்தான் பாடுகின்றன.

நடந்ததைச் சொன்னவர் அவர்தான். தலைநகரத்தின் பெரிய இசையரங்கத்தில் சுருதி சேர்ப்பவர் பதவி ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி, பெயரில்லாமல் எண்களை மட்டும் பட்டியலாக வெளியிட்டிருந்தார்கள். அதில் இவர் எண்ணும் உண்டு. நாளை காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. இன்று மாலை ஆறரை ரயிலில் கிளம்ப வேண்டும். மதியம் ஒன்றேகாலுக்கு, ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் அவர் படுத்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. 'தங்கள் விலகல் கடிதம் கிடைத்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

"நான் எந்தக் கடிதமும் அனுப்பல," என்றார் சுருதியம்மா. "போன் போட்டுக் கேட்டா, உங்க முகவரியிலேர்ந்துதான் வந்திருக்கு, காலையில பத்து பத்துக்குன்னு சொல்றாங்க. பத்து பத்துக்கு நான் ஒரு டாக்டர் வீட்ல பியானோவைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கேன்."

"கடிதம் உங்களுதில்லன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்போ யாரு, எப்படி அனுப்புனாங்கன்னு அஞ்சு மணிக்குள்ள எழுத்துல குடுங்கங்கறார் செயலாளர். போன வருஷம் ஒருத்தர் விலகிட்டு, மறுநாள் வந்து நான் விலகவே இல்லன்னு சண்டை போட்டாராம். அதனால வாய்ப்பேச்சை நம்ப மாட்டாங்களாம்." அவர் குரல் ஓர் இழை இறங்கியது. "எனக்கு நாற்பத்தேழு சார். அங்க ஐம்பதுக்கு மேல எடுக்கறதில்ல. இந்த இடம் காலியாகறது பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை."

கணக்கு எளிதாக இருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம்.

பிற்பகல் 2.45.

திருப்புளி கணினி முன் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். காரணம், இந்த வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளைப் போட்டவரே அவர்தான். போன மாதம்.

அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பியானோக்காரருக்கும் நினைவூட்டல் கடிதம் எழுதுவது நாத்தனாரின் வேலை. சுருதியம்மாவின் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. வயது முப்பத்து நான்கு, வீட்டில் இன்னமும் பெயர் பாப்பா. தொலைபேசி எடுப்பது, நாள் குறிப்பது, அண்ணிக்கு அழைப்பைச் சொல்வது எல்லாம் அவர்தான். இதைக் கணினியே செய்யட்டும் என்று முடிவானதும், எந்த மென்பொருள் என்று சாப்பாட்டு மேசையில் பெரிய மாநாடு நடந்தது.

பெரியது ஒன்று இருந்தது. கடிதத்தை வாங்கும், பிரிக்கும், வரிசையில் நிறுத்தும், லைன் இல்லையென்றால் காத்திருந்து மறுபடி அனுப்பும். ஒரு தபால் நிலையமே உள்ளே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் அதைத்தான் கேட்டார், ஏனென்றால் அதன் கையேடு நானூறு பக்கம். சின்னது ஒன்று இருந்தது. கொடுத்த கடிதத்தை வெளியே இருக்கும் சர்வரிடம் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொள்ளும். பதில் வாங்காது. படி எடுத்து வைக்காது. எத்தனை மணிக்கு எங்கே போனது என்று ஒரு வரி மட்டும் குறித்துவைக்கும். சுருதியம்மா ஒரே பேச்சில் முடித்தார்: "எனக்குத் தபாலாபீஸ் வேண்டாம். தபால் பெட்டி போதும்."

சின்னதைத்தான் போட்டார் திருப்புளி. பதினேழு நிமிட வேலை. அதைப் பெருமையாக நான்கு வீட்டில் சொல்லியும் இருந்தார்.

இப்போது குறிப்பின் கடைசி வரியைப் பார்த்தார். காலை 10.10. போன இடம்: இசையரங்கம். அனுப்பியவர்: சுருதியம்மா. வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. கடிதம் இதே பெட்டியிலிருந்துதான் போயிருந்தது.

"அப்போ வீட்டு ஆளு," என்றான் மாடியிலிருந்து இறங்கும் படியில் உட்கார்ந்திருந்தவன். சுருதியம்மாவின் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், இன்று விடுமுறை. மாடி அறையில் இரண்டு வருடமாக 'தற்காலிகமாக' இருக்கிறான்.

"பத்து பத்துக்கு வீட்ல யார் யார்?"

"நாங்க மூணு பேரும்," என்றார் வீட்டுக்காரர். "நான் என் அறையில. பாப்பா சமையலறைக்கும் கூடத்துக்குமா. இவன் மாடியில, அதாவது படுக்கையில."

சமையலறையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தார். "அண்ணன் அறையிலேயே இருந்தார்னு அண்ணன் மட்டுந்தான் சொல்லணும். நான் பார்க்கல." பிறகு கணினியைக் காட்டி, "சார், உங்க பெட்டியில விசிறி போன மாசத்தைவிட இறங்கிப் பாடுது. தூசி அடைச்சிருக்கும்" என்றார்.

திருப்புளி பக்கத் தகட்டைக் கழற்றினார். விசிறியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. சுருதி சேர்க்கிறவர் வீட்டில் குளிர்பெட்டிகூட அளந்துதான் முனகும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, ஊதித் துடைத்து மூடினார்.

இந்தக் கணினியில் நான்கு பேருக்கும் தனித்தனி நுழைவு உண்டு, தனித்தனிப் பாஸ்வேர்டு. சுருதியம்மாவின் நுழைவைத் திறந்து பார்த்த திருப்புளி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குள் கடைசியாக ஆள் நுழைந்தது நேற்று மாலை ஆறரைக்கு. இன்று காலை யாரும் அதைத் தொடவே இல்லை. மற்ற மூவரும் தத்தம் நுழைவில் வந்திருந்தார்கள்: வீட்டுக்காரர் எட்டரைக்கு, தம்பி ஒன்பதேகாலுக்கு, நாத்தனார் ஒன்பது ஐம்பதுக்கு.

பூட்டு உடையவில்லை. சாவி திரும்பவில்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து கடிதம் மட்டும் வெளியே வந்து நிற்கிறது.

"என்ன சார், முகம் மாறுது?" என்றார் சுருதியம்மா.

"ஒண்ணுமில்ல மேடம். இது என் சாதாரண முகந்தான்."

பிற்பகல் 3.05.

ஒவ்வொருவராக விசாரித்தார். விசாரணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கணினியை நோண்டுவது போல நோண்டிக்கொண்டே கேட்பது. திரையைப் பார்க்கிறவனிடம் மனிதர்கள் தைரியமாகப் பொய் சொல்வார்கள் என்பது முப்பது வருட அனுபவம். பொய் கொஞ்சம் வந்தால்தானே பிடிக்க முடியும்.

முதலில் வீட்டுக்காரர்.

"மேடத்தோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் அகராதிக்கு அடியில எழுதி வெச்சிருக்கா."

"காலையில பெட்டியில என்ன பண்ணீங்க?"

"வேலை."

"பார்த்த பக்கங்களை எல்லாம் அழிச்சிருக்கீங்களே. வேலையை யாராவது அழிப்பாங்களா?"

வீட்டுக்காரரின் விரல் உயர்ந்து, எச்சரிக்கை வாசகம் கிடைக்காமல் இறங்கியது. அடுத்தது தம்பி.

"அக்கா போகக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே?"

"சொன்னேன். அவ போனா இவங்க எல்லாரும் போவாங்க. வீட்டைக் காலி பண்ணுவாங்க. நான் எங்க போறது, ஆம்புலன்ஸ்லயா படுக்கறது? ஆனா சொல்றது வேற, செய்யறது வேற சார்."

"காலையில பெட்டியில என்ன வேலை?"

"புகார். வாங்கின ஷூ ஒரே வாரத்துல வாயைத் திறந்துடுச்சு. கடைக்கு மெயில் போட்டேன், போன் நம்பரும் குடுத்தேன். அந்தக் கடைக்காரன் என்னடான்னா, 'மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் அளவு பத்து என்பதை உறுதிசெய்யவும்'னு மெசேஜ் அனுப்புறான். இந்த உருவத்துக்கு அம்மையீராம். பாருங்க."

தாடியைத் தடவிக் காட்டினான். திருப்புளிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டார். பிற்பாடு தன்னைத் தானே திட்டிக்கொண்ட இடம் அதுதான்.

நாத்தனாரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே வந்து நின்றார்.

"எழுதிக்குங்க சார். ஒண்ணு எங்கண்ணன், இல்லன்னா மாடியில இருக்கற அந்த மகராசன். அண்ணி பொழப்புல மண்ணள்ளிப் போட வேற யாருக்கு மனசு வரும்? எங்கண்ணனுக்கு நாற்காலியை நகர்த்தறதே பிடிக்காது, ஊரையா நகர்த்துவார்?"

"பாப்பா," என்றார் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எனக்குக் காது கேக்குது."

"கேக்கணும்னுதான் சொல்றேன்."

"நீங்க காலையில ஒன்பது ஐம்பதுக்குப் பெட்டியைத் திறந்தீங்களே?"

"தினமும் திறக்கறதுதான். நினைவூட்டல் பட்டியலைச் சரிபார்த்தேன்." பதில் சுருக்காக வந்தது. கொஞ்சம் அதிகச் சுருக்காக.

திருப்புளி இசையரங்கத்தைத் தொலைபேசியில் பிடித்தார். செயலாளர் அளந்து பேசுகிறவர். கடிதத்தில் விண்ணப்ப எண் இல்லை, கீழே பெயரும் இல்லை. வந்த முகவரியை வைத்துத்தான் யாருடையது என்று கண்டுபிடித்தோம் என்றார். முழு வாசகத்தையும் அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டார்.

பிற்பகல் 3.40.

வாசகம் வந்தது. திருப்புளி உரக்கப் படித்தார்.

'வணக்கம். தங்கள் பட்டியலில் உள்ள என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னைவிடத் தகுதியான ஒருவர் அதே பட்டியலில் இருக்கிறார். அவருடைய காதை நான் அறிவேன். அந்த இடம் அவருக்கே உரியது. நன்றி.'



"என்னைவிடத் தகுதியானவரா?" என்றார் சுருதியம்மா. அழப்போகிறவர் என்று எதிர்பார்த்த இடத்தில் அவர் மூக்கு சிவந்தது கோபத்தில். "யாரு அது? இந்தப் பக்கத்துல எனக்குத் தெரியாத காது எது இருக்கு? பொய் எழுதினாலும் பொருத்தமா எழுத வேண்டாமா?"

"இது அக்காவே எழுதின மாதிரி இல்ல," என்றான் தம்பி. "அக்கா செத்தாலும் அடுத்தவனைத் தகுதியானவன்னு சொல்ல மாட்டா."

"வாயை மூடுறா."

சமையலறையில் குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. திருப்புளி தண்ணீர் கேட்கும் சாக்கில் எட்டிப் பார்த்தார். நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். குழாய்க்கு அடியில் பாத்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் வெறும் தொட்டியில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை வீட்டிலேயே அதிகம் பேசியவர் அவர். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

திருப்புளி தண்ணீர் கேட்காமலே திரும்பினார்.

கூடத்தின் ஓரத்தில் பழைய பியானோ ஒன்று சுவரோடு நின்றது. மூடிமேல் பழைய வாரப் பத்திரிகைகள். அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். சுருதியம்மாவைக் கவிழ்க்க நினைக்கிறவர் 'எனக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது' என்று எழுதலாம். அரங்கத்தைத் திட்டி எழுதலாம். பட்டியலில் இருக்கும் யாரோ ஒரு போட்டியாளரைப் புகழ்வானேன்? திருடப் போன வீட்டில் பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டு வந்தது போலல்லவா இருக்கிறது?

"இதை நீங்க வாசிக்கறதில்லையா மேடம்?" என்று பியானோவைக் காட்டிக் கேட்டார், நேரத்தைக் கடத்த.

"தொட்டு ரெண்டு வருஷமாச்சு. வெளியில நாள் பூரா கேட்ட காதுக்கு வீட்ல சத்தமே வேண்டாம்னு இருக்கும்."

திருப்புளி பத்திரிகைக் கட்டில் கை வைத்தார். மேல் பத்திரிகையில் தூசி படிந்திருந்தது. மூடியின் விளிம்பில் தூசி இல்லை.

மாலை 4.05.

மறுபடியும் கணினி. இந்தத் தடவை கடைசி வரியோடு நிறுத்தாமல் குறிப்பை மேலே நகர்த்தினார். காலை ஆறு மணிக்குக் கணினி தானாக அனுப்பிய நான்கு நினைவூட்டல்கள். அனுப்பியவர்: சுருதியம்மா. சரி. ஒன்பது இருபத்திரண்டுக்கு ஒரு கடிதம். போன இடம்: காலணிக் கடை. அனுப்பியவர்: சுருதியம்மா.

திருப்புளியின் கை நின்றது.

"மேடம், காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க?"

"எட்டு."

ஒன்பது இருபத்திரண்டுக்கு வாய் திறந்த ஷூவைப் பற்றிப் புகார் எழுதியது தாடி வைத்த அம்மையீர்.

அவருக்குக் காது மடல் சூடேறியது. பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் செய்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான்கு கோப்புகளைத் திறந்தார். ஐந்தாவதில், தன் கையால் தட்டிய அந்த ஒற்றை வரி, தப்பு செய்த பிள்ளை திண்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போல அவரைப் பார்த்தது.

"எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க," என்றார். "குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடுச்சு. இங்கதான் இருக்கார்."

வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி வீட்டுக்காரரைப் பார்த்தான். சமையலறை வாசலில் நாத்தனார் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க உங்க நுழைவிலேர்ந்து எனக்கு ஒரு மெயில் அனுப்புங்க. என்ன வேணும்னாலும் எழுதுங்க. பேர் மட்டும் போட வேண்டாம்."

வீட்டுக்காரர் சந்தேகத்தோடு தன் பாஸ்வேர்டைத் தட்டி, 'இது சோதனைக் கடிதம்' என்று எழுதி அனுப்பினார். திருப்புளியின் கைப்பேசி ஒலித்தது. அதை எல்லோருக்கும் காட்டினார். அனுப்பியவர் என்ற இடத்தில் சுருதியம்மாவின் பெயரும் முகவரியும் இருந்தன.

"நான் இவ பேர்ல அனுப்பலையே," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க அனுப்பல. பெட்டி அனுப்புது. சின்ன மென்பொருள்ல ஒரு வரி எழுதலாம்: எவர் கொடுத்தாலும் இந்த ஒரே பேர்ல அனுப்பு. ஒரே ஆள் இருக்கற வீட்டுக்கு அதுதான் வசதி. அன்னைக்கு முதல்ல மேடத்துக்கு மட்டுந்தானே கேட்டீங்க, அந்த வரியைப் போட்டேன். முடிச்சு எழுந்திருக்கும்போது, 'ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி நுழைவு வேணும்'னு நீங்க சொன்னீங்க. போட்டுக் குடுத்தேன், ஆளுக்கொரு முகவரியும் குடுத்தேன். ஆனா அந்த வரியை எடுக்க மறந்துட்டேன். ஒரு மாசமா இந்த வீட்லேர்ந்து யார் எது எழுதினாலும் மேடம் பேர்லதான் ஊருக்குப் போயிட்டிருக்கு."

திருப்புளி நாற்காலியிலிருந்து எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குற்றவாளி இவர்தான். பார்க்க லட்சணமா இல்லன்னு எனக்கும் தெரியும்."

"அப்போ கடிதம் பொய் இல்ல," என்றார் சுருதியம்மா மெதுவாக. "யாரோ அவங்களுக்காக எழுதினது."

"ஆமா. பேர் போடாததுக்குக் காரணம், இந்த வீட்டு நினைவூட்டல்ல யாரும் பேர் போடறதில்ல. பெட்டியே தலைப்புல போட்டுடும்ங்கற பழக்கம். எழுதினவங்க தன் நுழைவுக்குள்ள இருந்தாங்க. தன் பேர்லதான் போகும்னு நம்பினாங்க. தன் விண்ணப்பத்தைத்தான் திரும்பக் கேட்டாங்க."

"எங்க வீட்ல வேற யாரு விண்ணப்பம் போட்டா?"

திருப்புளிக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. கணினியில் மறைத்ததை எடுத்துக் காட்டுவது அவர் தொழில். மனிதர்கள் மறைத்ததை எடுத்துக் காட்ட அவருக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. மணியைப் பார்த்தார். நான்கு இருபத்தெட்டு.

"சார், காலையில பெட்டியில என்ன பார்த்தீங்கன்னு முதல்ல சொல்லிடறீங்களா?" என்றார் வீட்டுக்காரரிடம், இன்னும் கொஞ்சம் நேரத்தைத் தள்ள.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வீடு. அரங்கத்துக்குப் பக்கத்துல வாடகைக்கு என்னென்ன வீடு இருக்குன்னு. கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சுருதியம்மா கணவரைப் பார்த்த பார்வையில் பாதிச் சந்தேகம் அவிழ்ந்தது. மீதி அப்படியே நின்றது.

 திருப்புளி பியானோவிடம் போனார். பத்திரிகைக் கட்டை இறக்கித் தரையில் வைத்தார். மூடியைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு கட்டையை ஆள்காட்டி விரலால் அழுத்தினார். இன்னொன்று. பிறகு இரண்டையும் சேர்த்து. அவருக்கு இசை தெரியாது. மாடு மணியோசைக்குத் திரும்புகிற அளவுக்குத்தான் தெரியும்.

"சரியா இருக்கு," என்றார் சுருதியம்மா, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

நடந்து வந்தார். திருப்புளியை ஒதுக்கிவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனார். இரண்டு வருடம் யாரும் தொடாத பியானோ இப்படிப் பாடாது. தெருவில் லாரி போனாலே சுருதி இறங்கும், மழை வந்தால் ஏறும். இது நேற்றுச் சேர்த்தது போல நின்றது.

"பாப்பா," என்றார், திரும்பாமல்.

நாத்தனார் சமையலறை வாசலிலிருந்து வரவில்லை.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா அண்ணி. உங்க பையைத் தூக்கிட்டு வந்த இடத்துல எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க வெளியில போன நேரத்துல இதுல பண்ணிப் பார்ப்பேன்." குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே தொடர்ந்தது. "சான்றிதழ் வேண்டாம்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சு. சும்மாதான் அண்ணி தபால்ல போட்டேன். பட்டியல்ல என் எண் வரும்னு நெனைக்கவே இல்ல. நேத்து நீங்க சாப்பிடும்போது, இது கிடைக்கலன்னா இனி யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்னு சொன்னீங்க. எனக்குச் சோறு இறங்கல. அதான் காலையில எழுதிட்டேன். அது உங்க பேர்ல போயிருக்கும்னு சத்தியமா தெரியாது. சார் படிக்கறப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் சொல்ல வாய் வரல."

"தகுதியான ஒருத்தர்னு எழுதினது..."

"வேற யாரை எழுதுவேன்?"

தம்பி படியிலிருந்து எழுந்து நின்றான், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். திருப்புளி சுவரிலிருந்த நாட்காட்டியை மிகுந்த அக்கறையோடு படித்தார்.

சுருதியம்மா மேல் கோடிக் கட்டை ஒன்றை மறுபடி மறுபடி அழுத்தினார்.

"இங்க அவசரப்பட்டிருக்க," என்றார். "இந்தக் கட்டைக்கு உள்ள மூணு கம்பியில ஒண்ணு மத்த ரெண்டோட ஒட்டல."

நாத்தனார் முகம் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அந்தக் கம்பியைச் சுத்தியிருக்கற ஆணி தளர்ந்திருக்கு அண்ணி. எவ்வளவு திருகினாலும் மறுநாள் நழுவிடும். ஆணியை மாத்தணும். என் தப்பில்ல."

சுருதியம்மா குனிந்து உள்ளே பார்த்தார். விரலால் ஆணியை அசைத்தார். அசைந்தது.

"ஆமா," என்றார். அந்த ஒரு 'ஆமா' அவரிடமிருந்து வர எவ்வளவு நேரமானது என்று திருப்புளி மட்டும் கவனித்தார். பிறகு அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "விண்ணப்பம் போட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல. என்கிட்ட மறைச்சதுக்குக்கூட இல்ல, அது ரயில்ல பார்த்துக்கலாம். ஆனா நான் ஜெயிக்கணும்னு நீ ஒதுங்கினே பாரு, அதுக்குத்தான். நாளைக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்தா, என் காதுக்குக் கிடைச்சுதா, உன் தயவுல கிடைச்சுதான்னு ஆயுசுக்கும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோட என்னால ஒரு கம்பியைக்கூட இழுக்க முடியாது."

"அண்ணி..."

"மணி என்ன சார்?"

"நாலு நாற்பது."

"உட்கார்ந்து எழுது," என்றார் சுருதியம்மா.

திருப்புளி பாய்ந்து அந்த ஒற்றை வரியை அழித்தார். இந்த முறை அழித்ததை இரண்டு தடவை சரிபார்த்தார். நாத்தனார் தன் நுழைவுக்குள் போய் எழுதினார்: காலை வந்த கடிதம் தன்னுடையது, அண்ணியுடையது அல்ல, ஒரே கணினி, ஒரே மென்பொருள், அதனால் வந்த குழப்பம், இப்போது அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வதாக. கீழே பெயரும் விண்ணப்ப எண்ணும். அதற்கும் கீழே திருப்புளி தன் பங்குக்கு, பிழை முழுவதும் மென்பொருளைப் பொருத்திய தன்னுடையதே என்று எழுதி, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். 'முப்பது வருட அனுபவம்' என்று போடக் கை போனது. நிலைமையை நினைத்து விட்டுவிட்டார்.

மாலை 4.51. கடிதம் போனது. அனுப்பியவர் என்ற இடத்தில் முதல்முறையாக நாத்தனாரின் பெயர்.

ஐந்து பேரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். நான்கு ஐம்பத்தெட்டுக்கு அது அதிர்ந்தது. செயலாளர் வழக்கம்போல் அளந்து எழுதியிருந்தார். 'இரு விளக்கங்களும் ஏற்கப்பட்டன. பட்டியலில் ஆறு பேரும் நீடிக்கிறார்கள். நாளை காலை ஒன்பது மணி.'

வீட்டுக்காரர் ரயில் நிலையத்துக்குப் போன் போட்டு இன்னொரு இருக்கை கேட்க ஆரம்பித்தார். தம்பி, தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். ஆம்புலன்ஸில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். திருப்புளி தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, உள்ளே பெண்கள் இருவரும் கருவிகளைப் பிரித்துப் பையில் அடுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, உங்க பை கனமா இருக்கு. குடுங்க, நான் தூக்கறேன்."

"கையை எடு. போட்டிக்காரி கையில யாராவது ஆயுதத்தைக் குடுப்பாங்களா?"

பிறகு ஒரு நொடி இடைவெளி விட்டு, அதே குரலில்: "வழியில சாப்பிட ஏதாவது எடுத்துக்கிட்டியா? ரெண்டு பேருக்கும் எடு."